எட்டாம் கல்லுக்குப் பதினோரு வினாடி

நாடு மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறியபோது எல்லாச் சாலைகளிலும் பழைய கற்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கல் நட்டார்கள், ஆனால் எங்கள் சோளங்குளத்துக்கு அந்த ஆட்கள் வந்த அன்று கிடாவெட்டு நடந்துகொண்டிருந்ததால், இலை போட்டு உட்கார வைத்த இடத்தை விட்டு அவர்கள் எழுந்திருக்கவே இல்லை, அதனால் ஊர் எல்லையில் ஏழாம் மைல்கல்லும் அங்கிருந்து நேர் மேற்கே கண்மாயைத் தாண்டிப் பொட்டலில் எட்டாம் மைல்கல்லும் வெள்ளைக்காரன் நட்டபடியே நின்றுபோயின. இரண்டு கல்லுக்கும் நடுவில் வளைவு கிடையாது, மேடு கிடையாது, எட்டாம் கல்லுக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரத்தைத் தவிர நிழலும் கிடையாது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓடச் சொல்கிறார்கள். கல்லுக்குக் கல் அதைவிட ஒன்பது மீட்டர் கூட. அந்த ஒன்பதை எங்கள் பையன்கள் கொசுறு என்பார்கள்.

ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தவன் பட்டாளத்துக்காரன், ஒரு மூச்சு தாமதித்தவன், நேரம் முடிந்ததும் குறுக்கே இழுத்துப் பிடிக்கிற கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தப்பட்டு ஊருக்குத் திரும்பி, கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டு, கண் சிவந்து இருமிக்கொண்டு கிடப்பான். மழை எங்களை மறந்து நெடுநாளாகிவிட்டபடியால் மூன்றாவது வழி என்று ஒன்று இருக்கவில்லை. ஆகவே நாங்கள் மணி பார்க்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் வினாடி பார்க்கத் தெரிந்தவர்களாக இருந்தோம்.

அந்த வினாடிகளைப் பிடித்துக் கொடுத்தது ரோஸ்லின். அவள் அப்பா அருளப்பன், கிறிஸ்தவர் என்பதால் நாங்கள் வேதக்கார வாத்தியார் என்று சொல்கிறவர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபோது மாலையையும் பொன்னாடையையும் வாங்கிக்கொண்டு, ஸ்டாப் வாட்சைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். சாவி கொடுக்கிற பழைய எஃகுக் கடிகாரம். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், இன்னொரு முறை அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். தலைப்பொத்தானை அமுக்கினால் முள் எல்லாவற்றையும் மறந்து பூஜ்யத்துக்குப் போய்விடும். வாத்தியார் ஏழாம் கல்லில் மூங்கில் கழியில் கட்டிய சிவப்புத் துண்டை இறக்குவார், ஒரு மைல் தள்ளி எட்டாம் கல்லில் நிற்கும் மகள் கண்ணை இமைக்காமல் அதைப் பார்த்துக் கடிகாரத்தை ஓடவிடுவாள், வருகிறவன் கல்லைத் தொட்டதும் நிறுத்துவாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

குருவம்மா மகன் பூமிநாதனுக்கு இருபத்தொன்று. அவன் ஐந்து நிமிடம் நாற்பத்துநாலு வினாடியில் தொடங்கி, நாற்பத்திரண்டுக்கு வந்து, நாற்பத்தொன்றில் வந்து நின்றுவிட்டான். அதற்குமேல் அவனுடைய கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவனும் ரோஸ்லினும் ஐந்து மாதமாகத் தினமும் பேசினார்கள். "எவ்வளவு?" என்று அவன் கேட்பான், "அஞ்சு நாப்பத்திரெண்டு" என்று அவள் சொல்வாள், அவ்வளவுதான் பேச்சு. சாதி வேறு, வேதம் வேறு, பார்க்கிற கண்கள் ஊர் முழுக்க. ஆனாலும் அவள் அந்த எண்களைச் சொன்ன விதத்தை ஒரு தரம் காதால் கேட்டிருந்தால் உங்களுக்கே விஷயம் புரிந்திருக்கும், எங்களுக்குத்தான் புரியவில்லை.

ஆளெடுப்புக்கு முந்தின நாள் கடைசி ஓட்டம். அடுத்த மாதம் அவனுக்கு வயது தாண்டிவிடும், பிறகு எத்தனை வேகமாக ஓடினாலும் அது நாய்க்குப் பயந்து ஓடுகிற ஓட்டத்தில்தான் சேரும். எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்குக் கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம், எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டோம், காதில் கெட்ட சொல் விழ விடமாட்டோம். சட்டியில் சோறு இல்லாவிட்டாலும் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்லி அனுப்புவோம். ரோஸ்லினும் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். காலை ஆறு மணி வெயிலில் அவன் புளியமர நிழலுக்குள் வாயைப் பிளந்துகொண்டு நுழைந்தபோது முள் ஐந்தே இருபத்தொன்பதில் இருந்தது, அவன் முகத்தைப் பார்த்தாள், நாளைக்குப் போகிறவனிடம் நாற்பத்தொன்று என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாள், அவன் கல்லைத் தொடும் முன்பே அமுக்கிவிட்டாள்.

அவன் வந்து சேரவில்லை.

விழவுமில்லை, நிற்கவுமில்லை. கால் தரையில் பட்டு எழுந்தது, செம்மண் பறந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, வியர்வை கன்னத்தில் வழிந்தது. புளியமரம் மட்டும் அவனைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. கையில் நின்றுபோன கடிகாரத்தோடு அவள் எட்டாம் கல்லில் நின்றாள். அவன் அவளைப் பார்த்தபடியே ஓடிக்கொண்டிருந்தான்.

அவள் செய்ததை அன்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, வெகுகாலம் கழித்து அவள் வாயாலேயே நாங்கள் கேட்டதுதான். ஆனால் இதை மறைத்து வைத்துக் கதை சொன்னால் நானும் முன்கூட்டியே பொத்தானை அமுக்கியவனாகிவிடுவேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் நாள் ஊரே திரண்டு போய் அவனைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. தோளைப் பிடித்தவர்களின் கை, சுற்றுகிற கிணற்று ராட்டினத்தில் வைத்த கை போல வழுக்கிக்கொண்டு வந்தது. கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, இது கன்னிமார் வேலை என்றார், மறுநாள் கேட்டபோது முனி வேலை என்றார், மூன்றாம் நாள் அவர் வரவில்லை. காவல் நிலையத்திலிருந்து வந்த ஏட்டையா, ஆள் காணவில்லை என்று எழுதலாம் என்றால் ஆள் கண் முன்னால் இருக்கிறான், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று எழுதலாம் என்றால் ஓரமாக ஒழுங்காகத்தான் ஓடுகிறான் என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு ஊருக்கு அவன் பழகிப்போனான். பேருந்துக்காரர்கள் அவனைக் கண்டதும் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கிப் போனார்கள், ஒரு வருடத்தில் அந்த இடம் 'ஓட்டக்காரன் புளியமரம்' என்ற நிறுத்தமாகி, டிக்கெட் கொடுக்கும்போது நடத்துநர் கூசாமல் அந்தப் பெயரைச் சொன்னார். கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா அவன் பெயருக்கு நேரே தொழில் என்ற இடத்தில் 'ஓட்டம்' என்று எழுதிக்கொண்டு போனார். ஆளெடுப்புக்குப் போகிற பையன்கள் அவன் காலடி மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டார்கள், நடை வராத குழந்தைகளைத் தாய்மார் கொண்டுவந்து அவன் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள், ஆடுகள் அவன் கால் கிளப்புகிற காற்றுக்காக அவன் பின்னால் படுத்துக்கொண்டன. வெளியூர்க்காரன் யாராவது பதறிப்போய்க் கேட்டால், "யாரு, பூமிநாதனா? அவன் ஓடிக்கிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் பேச்சைத் தொடர்ந்தோம். மூன்று வருடத்தில் அதிசயம் என்பது அண்டை வீட்டுக்காரன் இருமல் மாதிரி ஆகிவிடும்.

அவன் அம்மா குருவம்மாவுக்கு மட்டும் பழகவில்லை. கரிமூட்டத்திலிருந்து கறுத்த கையோடு தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து மரத்தடியில் வைப்பாள், ஆறின பிறகு தூக்கிக்கொண்டு போவாள். "ஏத்தா ரோஸ்லினு, நீ இங்கனதான நின்ன, என்னதான் நடந்துச்சு சொல்லு" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"தெரியலம்மா. ஓடி வந்தாப்ல."

"வருவான்ல?"

"வருவாருமா."

அது பொய்யில்லை, உண்மையுமில்லை. அந்த உண்மை அவள் கட்டைவிரலில் இருந்தது. முதல் வாரத்திலேயே ஒருநாள் யாருமில்லாத நேரம் பார்த்து அவள் பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பார்த்திருந்தாள். முள் ஒரு வினாடி நகர்ந்தது, அவன் இரண்டு எட்டு வைத்து முன்னால் வந்தான், நிழல் முடிந்து வெயில் அவன் முகத்தில் விழுந்தது, அவள் பயந்துபோய் மறுபடி அமுக்கிவிட்டாள். ஐந்தே முப்பது. ஆடு ஒன்றுதான் பார்த்தது, அது யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதே மிச்சத்தையும் விட்டிருக்கலாம். ஆளெடுப்பு முடிந்துபோயிருந்தது, வந்தால் எதற்காக வந்தோம் என்று கேட்பான், யாரால் ஆளெடுப்பு தவறியது என்று கேட்பான். நாளைக்கு விடலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. அப்பா செத்துப்போனார், பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், இரண்டு வரன்களை அவளே வேண்டாம் என்றாள், மற்றவர்கள் தாங்களாகவே வருவதை நிறுத்தினார்கள். குருவம்மா நெஞ்சில் புகை அடைத்துக் கிடந்தபோது, "எம் புள்ளைய நீயாச்சும் பாத்துக்கத்தா" என்று இவள் கையைத்தான் பிடித்துக்கொண்டு போனாள். கொள்ளி வைக்க வேண்டியவன் ஒரு மைல் தள்ளி ஓடிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ரோஸ்லின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரை வரைக்கும் ஓடினாள், அங்கேயே உட்கார்ந்து அழுதாள், திரும்பி வந்துவிட்டாள். இனி அவனை விட்டால், அவனுடைய தாய்க்கும் சேர்த்தல்லவா கணக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் அவளே சொன்னாள். உலகத்தில் ஒருவன் அவளை நோக்கி ஓடி வந்துகொண்டே இருந்தான். காலையில் போய் நின்றால் அவளைப் பார்த்தபடி வருவான், சாயங்காலம் போய் நின்றாலும் வருவான். ராத்திரி ஒற்றை ஆளாகச் சோறு வடித்துத் தின்கிற ஒருத்திக்கு அது கொஞ்சமா?

அவள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சரானாள். பழைய கடிகாரத்தைப் பவுடர் டப்பாவில் வைத்துப் பூட்டிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தினமும் காலை எட்டாம் கல்லில் நின்று யார் வந்தாலும் நேரம் பிடித்துக் கொடுத்தாள். பட்டாளத்துக்கு ஓடுகிறவன் வந்தான், போலீஸ் வேலைக்கு ஓடுகிற பெண் வந்தாள், சர்க்கரை வியாதிக்கு நடக்கிற ரேஷன் கடைக்காரர் வந்தார், முட்டி தேய்ந்த தபால்காரர் சுல்தான் பாய் வந்தார், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நல்ல டைமா டீச்சர்?"

அவள் ஆளைப் பார்த்துப் பதில் சொன்னாள். பட்டாளத்துக்கு ஐந்தரை நல்ல நேரம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டு நிமிடம் நல்ல நேரம், பிள்ளை பெற்று ஆறு மாதமான செல்லக்கிளிக்குப் பன்னிரண்டு, ரேஷன் கடைக்காரருக்கு மூச்சு வாங்காமல் பதினெட்டு, சுல்தான் பாய்க்கு உட்காராமல் வந்து சேர்ந்தால் முப்பத்தைந்தும் நல்ல நேரம்தான். ஆனால் அவரவர் நேரத்தில் அரை வினாடியைக்கூட அவள் தள்ளுபடி செய்ததில்லை. ஒருமுறை சுல்தான் பாய், "முப்பத்தஞ்சே காலை முப்பத்தஞ்சுன்னு வெச்சுக்கங்கம்மா, பேரன்கிட்டச் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அவள் கண் கலங்கிவிட்டது. "முடியாது பாய். உங்களக் கும்பிட்டுக்கறேன், அது மட்டும் கேக்காதீங்க" என்றாள். ஒரு கால் நிமிடத்துக்கு எதற்கு இந்தப் பெண் அழுகிறது என்று அவர் எங்களிடம் வந்து கேட்டார். கறார் ரோஸ்லின் என்று நாங்கள் பெயர் வைத்தோம்.

பத்தொன்பது வருடம் இப்படிப் போன பிறகு, ஒருநாள் எட்டாம் கல்லில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். நாலுவழிச் சாலை வருகிறது, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜேசிபி கல்லைப் பிடுங்கும், புதன்கிழமை மரத்தை வெட்டும். நாங்கள் மரத்துக்காக ஒரு மனு கொடுத்தோம், பேருந்து நிறுத்தத்துக்காக ஒரு மனு கொடுத்தோம். பூமிநாதனைப் பற்றிக் கேட்டதற்கு, அளக்க வந்த இளம் எஞ்சினியர் தலையைச் சொறிந்துகொண்டு, "அவரு சர்வீஸ் ரோட்டுல ஓடிக்கிடட்டுமே" என்றார். நியாயம்தான் என்று எங்களுக்கும் பட்டது. கல் போனாலென்ன, ஓடுகிறவன் ஓடிக்கொண்டுதானே இருக்கப் போகிறான்.

ரோஸ்லினுக்கு மட்டும் தெரியும். கல் போய்விட்டால் அவன் வந்து சேர ஓர் இடம் இருக்காது. பதினோரு வினாடியைக் கொடுத்தாலும் எதைத் தொடுவான்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது செல்லக்கிளி கடையில் முதன்முதலாக ஒரு தலைச்சாயப் பாக்கெட் வாங்கினாள். "என்ன டீச்சர், மாப்ள வர்றாரா?" என்று செல்லக்கிளி கேட்டாள். நாங்கள் சிரித்தோம், ரோஸ்லினும் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் இருபது வயதில் நின்ற அதே இடத்தில், கல்லுக்கு இடது பக்கம், போய் நின்றாள். பழைய கடிகாரத்துக்கு முழுச் சாவி கொடுத்தாள். மரத்தடி வரைக்கும் போய் அவன் முகத்தை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அமுக்கினாள்.

அவன் வந்தான். பத்தொன்பது வருடத்து ஆடுகள் எழுந்து விலக, வெயிலுக்குள் வந்தான், அவன் கால் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது, முள் முப்பத்தைந்தைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது, அவன் கல்லில் உள்ளங்கையை அறைந்தான். அவள் நிறுத்தினாள்.

முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினான். தலையை நிமிர்த்தாமலேயே, "எவ்வளவு?" என்றான்.

"அஞ்சு நாப்பத்தொண்ணு."

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்து, தெரியாத ஆளைக் கண்டவன்போல் சட்டென்று எழுந்துகொண்டான்.

"அக்கா, நீங்க யாரு? இங்க ரோஸ்லினுன்னு ஒரு பொண்ணு நின்னுக்கிட்டிருந்துச்சே."

அவள் கடிகாரத்தை அவன் பக்கம் நீட்டினாள், அவன் அதைப் பார்க்கவில்லை.

"அது இல்லாததும் நல்லதுக்குத்தான்க்கா" என்றான், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ரொம்ப இளகின மனசு. இருந்திருந்தா முப்பதுன்னு பொய் சொன்னாலும் சொல்லியிருக்கும். நாப்பத்தொண்ணுன்னா பட்டாளம் அவ்வளவுதான். போகட்டும். டைம் வந்தாலும் வராட்டியும் இன்னைக்கு அதுகிட்ட ஒண்ணு கேட்டுப்புடணும்னுதான் ஓடியாந்தேன்."

"என்ன கேக்கணும்?"

அவன் வெட்கப்பட்டான். "அத அதுகிட்டதான்க்கா கேக்கணும். எங்கிட்டுப் போச்சு, பாத்தீங்களா?"

"பூமி" என்றாள். அந்தப் பெயரை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "நான்தான் ரோஸ்லின்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அப்போதுதான் காய்ந்த கறுப்புத் தலையைப் பார்த்தான், மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தான். "விளையாடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு, ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

வேகமாக நடக்கிறவனுக்கு ஒரு மைல் பதினைந்து நிமிடம். அம்மாவின் வீட்டுக் கதவில் பூட்டையும், எங்கள் முகங்களில் நரையையும் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்கள் இல்லை. தெரிந்தது. ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தபோது ரோஸ்லின் அங்கேயே நின்றிருந்தாள், எதற்கம்மா நிற்கிறீர்கள் என்று கேட்ட ஓட்டுநரிடம்தான் எல்லாவற்றையும் முதன்முதலாகச் சொன்னாள், பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கல்லைப் பிடுங்கினார்கள், புதன்கிழமை மரத்தையும் வெட்டினார்கள், பின்னாலேயே ஏழாம் கல்லும் போனது.

இது போன வருடத்துக்கு முந்தின வருடம். பூமிநாதன் அவன் அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறான், ஏழாம் கல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில். யாரையும் திட்டவில்லை, யாரிடமும் அதிகம் பேசுவதுமில்லை, கரிமூட்டத்துக்குப் போகிறான், வருகிறான், ஓர் அடிகூட ஓடுவதில்லை. அவன் வீட்டுக்குப் போய்ப் பேசேன் என்று ரோஸ்லினிடம் சொல்லிப் பார்த்தோம். "அவருதான் வரணும். நான் ஒரு தடவ அவரு ஓட்டத்துல கை வெச்சதே போதும்" என்றாள்.

இப்போதும் காலை ஆறு மணிக்கு நாலுவழிச் சாலையின் ஓரத்தில், கல் இருந்த இடத்தில், நரைத்த தலையோடு அவள் நிற்பதைப் பார்க்கலாம். ஓடுகிற பிள்ளைகளுக்குப் புதுக் கடிகாரத்தில் நேரம் பிடித்துக் கொடுக்கிறாள். இடது கையில் பழைய கடிகாரம் இருக்கிறது; அவன் ஊரைப் பார்த்து நடந்த அன்று தலைப்பொத்தானை அமுக்கிப் பூஜ்யத்திலிருந்து ஓடவிட்டது, தினமும் சாவி கொடுக்கிறாள், ஓடிக்கொண்டே இருக்கிறது. அது யாருடைய டைம் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டால், ஒருத்தர் வரவேண்டியிருக்கிறது என்கிறாள். அந்த மைலுக்கு எது நல்ல நேரம் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த முறை, அவன் வந்து சேரும் முன் அவள் அதை அமுக்கமாட்டாள்.